வெயில் பக்கத்து சீட்டு

என் அக்காவை நான் தினமும் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாத்தான். ஒரே வூட்ல இருந்துகினு இது இன்னா பேச்சுன்னு கேப்பீங்க. மண்ணூர்ல எங்க தெருவுல பாதி வூட்டுக்கு இதே கதைதான். ஒருத்தர் விடிகாலை ஏ ஷிப்ட்டு, இன்னொருத்தர் மதியம் பி ஷிப்ட்டு. ஒருத்தர் எழுந்தா ஒருத்தர் படுப்பாங்க. பாய் மட்டும் சூடு ஆறாம கெடக்கும்.

எங்க வூட்ல நாலு பேரு. அக்கா, மாமா, அவங்க பொண்ணு, அப்புறம் நான். மாமா கண்டெய்னர் லாரி ஓட்றவரு. ஒரகடத்துல லோடு ஏத்திகினு போனா திரும்பி வர பத்து நாளாவும். பாப்பா ரெண்டாங்கிளாஸு. நான் கட்னவன் வூடு வேணாம்னு ஒரு பையைத் தூக்கிகினு வந்தவ. அன்னிக்கு வாசல்ல நின்னு நான் அழுதுகினு இருந்தேன். அக்கா ஒன்னும் கேக்கல. இன்னா ஆச்சு, எவன் தப்பு, ஒரு வார்த்தை கேக்கல. கைய கழுவிட்டு வா, சோறு ஆறுதுன்னுச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஆறு வருஷம் அந்தக் கையால சமைச்சதைத்தான் துன்னுகினு இருந்தேன்.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம். பாப்பா ஸ்கூல் விட்டு வர்றப்போ வூடு பூட்டி இருக்கக் கூடாது. சின்ன வயசுல எங்கம்மா வேலைக்குப் போயிட்டு இருட்டினப்புறம்தான் வரும். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பூட்டின கதவுக்கு முன்னாடி படியில உக்காந்திருப்போம். பசி ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். அது அக்காவுக்கு மறக்கவே இல்ல. அதனாலதான் சீட் கவர் தைக்கிற கம்பெனியில சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா கெஞ்சி எப்பவும் ஏ ஷிப்ட்டா வாங்கிக்கிச்சு. மதியம் வூட்டுக்கு வந்துடலாம், பாப்பாவுக்குக் கதவு தொறந்திருக்கும். என்னை போன் சார்ஜர் கம்பெனியில பி ஷிப்ட்டு கேட்டு வாங்க வச்சுது. காலையில பாப்பாவைக் கெளப்பி ஸ்கூல் ஆட்டோல ஏத்தறது என் வேலை. பி ஷிப்ட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க, அதனால உடனே குடுத்துட்டாங்க.

ஒரு வேலையை மட்டும் அக்கா என்னை நம்பி வுடல. பாப்பாவுக்குத் தலை பின்றது. நான் பின்னினா ஒரு ஜடை மேல போவும், ஒரு ஜடை கீழ போவும். அதனால விடியறதுக்கு முன்னாடி, பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, தூங்கற குழந்தை தலையை மடியில வச்சிகினு அக்கா ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டிட்டுப் போவும். பாப்பா எழுந்திருக்கறப்பவே பூ மாதிரி ரெண்டு ரிப்பனோட எழுந்திருப்பா. ரொம்ப நாளு வரைக்கும் அவ, தூங்கினா ஜடை தானா வரும்னு நெனச்சிகினு இருந்தா. கிளாஸ்ல வேற ஒரு பொண்ணுகிட்ட, நீ சரியா தூங்கறதில்ல போலன்னு சொல்லிட்டாளாம்.

நான் வேலை முடிச்சு வர்றப்போ அக்கா தூங்கிகினு இருக்கும். நான் எழுந்திருக்கறப்போ அக்கா போயிருக்கும். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நாங்க குடும்பம். அன்னிக்கு என்னையும் பாப்பாவையும் வரிசையா உக்கார வச்சி எண்ணெய் தேய்க்கும். தேய்க்கறப்பவே அந்த வாரத்துக்கான திட்டு மொத்தத்தையும் தீர்த்துடும். சோப்பைத் தண்ணியில ஊற வச்சது, கேஸ் ஸ்டவ்வைத் தொடைக்காதது, எல்லாம் வரும். மாமா ஊர்ல இருந்தா அவருக்கும் பங்கு உண்டு. சாயங்காலம் குன்றத்தூர் மலைக்குப் போவோம். பாதிப் படியில அக்கா உக்காந்துக்கும். எனக்கு முட்டி வலிக்குது, முருகனைக் கீழ வரச் சொல்லுன்னும். நாங்க சிரிப்போம். அது முட்டி வலி இல்ல, மூச்சு வாங்கினதுன்னு இப்போ தெரியுது. இப்போ தெரிஞ்சு இன்னா பண்றது.

இந்த டப்பா விஷயத்தைச் சொல்லணும். அக்கா எனக்கு மதியச் சோறு கட்டி அடுப்பு மேடையில வச்சிட்டுப் போவும். நான் வாரத்துல மூணு நாள் அதை மறந்துட்டு பஸ் ஏறிடுவேன். எரும, மனுஷி காலங்காத்தால எழுந்து கட்டி வச்சா அதைத் தூக்கிகினு போவ கை வலிக்குதான்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க கத்துச்சு. கடைசியில அதுவே ஒரு வழி கண்டுபிடிச்சுது. அது ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற கம்பெனி பஸ்ஸும் நான் ஷிப்ட்டுக்குப் போற கம்பெனி பஸ்ஸும் ஒன்னே முக்கால் மணி வாக்குல வடக்குப்பட்டு திரும்பற இடத்துல எதிர் எதிரா வரும். அங்க சிக்னல்ல ரெண்டும் மெதுவா ஆவும். நான் டிரைவர் பக்கத்து ஜன்னல்ல உக்காந்து டப்பாவைத் தூக்கிக் காட்டணும். அதுவும் அதே மாதிரி அந்தப் பஸ்ல டிரைவர் பக்கம் உக்காந்து பார்த்துக்கும். டப்பா தெரிஞ்சா கையைத் தூக்கும். தெரியலன்னா கையை ஓங்கும், அடிக்கற மாதிரி.

நாலு வருஷம் இது நடந்துச்சு. ரெண்டு மூணு நிமிஷம்கூட இல்ல, ஒரு மூச்சு விடற நேரம்தான். டப்பாவுக்காக ஆரம்பிச்சது, அப்புறம் டப்பா ஒரு சாக்காப் போச்சு. அக்கா முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், இன்னிக்கு டார்கெட் அதிகமா, யார் கூடவாவது சண்டையா, தலைவலியா. பஸ்ல இருக்கறவங்கல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. இன்னாடி, ஒரே வூட்ல இருந்துகினு காதலர் மாதிரி கை காட்டிக்கிறீங்கன்னு. எனக்கு வெக்கமா இருக்கும், ஆனா பிடிக்கும். பிடிக்கும்னு அக்காகிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்ல.

ஏ ஷிப்ட்டு பஸ்ல ஒரு வழக்கம் இருக்கு. திரும்பி வர்றப்போ எல்லாரும் தூங்கிடுவாங்க. விடிகாலையிலிருந்து நின்ன கால், குனிஞ்ச முதுகு. சீட்ல சாஞ்ச உடனே கண்ணு சொக்கிடும். டிரைவர் பாட்டை நிறுத்திடுவாரு. அவங்கவங்க ஸ்டாப் வர்ற வரைக்கும் தூங்கறவங்களை யாரும் தொடக் கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்ல, ஆனா யாரும் மீறினதும் இல்ல. அக்கா மட்டும் சிக்னல் தாண்டற வரைக்கும் முழிச்சிகினு இருக்கும். என் பஸ்ஸைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடும்.

போன வருஷம் கோடையில ஒரு திங்கக்கிழமை. மதியம் ஒன்றரை மணி வெயில் டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியா நேரா மூஞ்சியில அடிக்கும். எங்க பஸ்ல அந்தப் பக்கம் உக்காந்தா கம்பெனி போறதுக்குள்ள சட்டை நனைஞ்சிடும். அக்கா எதிர்ல வர்றதால அதுக்கு டிரைவர் பக்கம் நிழல், எனக்குத்தான் வெயில். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து புதுசா வந்து ஹாஸ்டல்ல தங்கியிருந்த ஒரு பொண்ணு, எக்கா, இங்கன வந்து உக்காருங்க, அந்தப் பக்கம் வெயிலு என்னமா அடிக்குன்னு கூப்ட்டா. போயி உக்காந்தேன். நிழலு, காத்து, பேச்சுத் துணை. நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமையும் அங்கதான் உக்காந்தேன். புதன், வியாழனும் அதே சீட்டு. சிக்னல் வர்றப்போ ஞாபகம் வரும், ஒரு நாள் எழுந்து எட்டிக்கூடப் பார்த்தேன், நிக்கறவங்க மறைச்சிகினு இருந்தாங்க. சரி, ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம், நாலு திட்டு திட்டும், வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். வியாழக்கிழமை நான் எழுந்தப்போ மேடையில ஓம வாட்டர் பாட்டில் தொறந்து கெடந்துச்சு. அக்காவுக்கு கேஸ் தொந்தரவு போலன்னு மூடி எடுத்து வச்சேன். போன் பண்ணி கேக்கல. அதையும் ஞாயித்துக்கிழமைக்குத்தான் வச்சிருந்தேன். எங்க வூட்ல எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமைக்குத்தான் வச்சிருப்போம்.

வெள்ளிக்கிழமை டப்பாவை மேடையிலயே மறந்துட்டேன். பஸ் ஏறினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. யாருக்குக் காட்டப் போறோம், கேன்டீன்ல துன்னுக்கலாம்னு நெனச்சேன். நிழல் பக்கம் உக்காந்து அந்தப் பொண்ணு அவங்க ஊர்க் கதை சொல்ல, சிரிச்சிகினே போனேன். சிக்னல் எப்போ போச்சுன்னே தெரியல.

லைன்ல நின்னு ஒரு மணி நேரம்கூட ஆவல. சூப்பர்வைசர் வந்து, கையில இருக்கறதை வச்சிட்டு வாம்மான்னாரு. உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், வெளிய வண்டி நிக்குதுன்னாரு. அவரு என் மூஞ்சியைப் பார்க்காமதான் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போனப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பஸ் மண்ணூர் ஸ்டாப்புக்கு வந்ததும் இறங்கச் சொல்லி எழுப்பியிருக்காங்க, எழுந்திருக்கல. டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரரு. அவரு பாட்டுக்கு, ஹார்ட் அட்டாக்கு, ஒரு அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சிக்னல்லேர்ந்து மண்ணூர் அரை மணி நேரம்.

அங்க வராண்டாவுல அக்காவுக்குப் பக்கத்து சீட்ல வர்றவங்க உக்காந்திருந்தாங்க. அக்கா கூட தைக்கிறவங்க, எங்க பின் தெரு. என் கையைப் பிடிச்சிகினு விடவே இல்ல. தப்பு அவங்க மேல இல்லன்னு யாராவது சொல்லணும்னு தவிச்சாங்க.

"சிக்னலுக்கு முன்னாடியே ஜன்னல்ல சாஞ்சிடுச்சும்மா. உன்னைப் பார்க்காம அது தூங்காதே. நான் எழுப்பலாம்னு கையை வச்சேன். அப்புறம், நாலு நாளா உன்னைக் காணோம்னு ஏமாந்துகினு இருக்குதே, அதான் இன்னிக்கு அசந்து தூங்குதுன்னு நெனச்சி விட்டுட்டேன்."

நாலு நாளும் அக்கா என் பஸ்ஸைத் தேடியிருக்கு. பஸ்ஸை மாத்திட்டாங்க போலன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கு. அப்படியும் யார்னு தெரியாத அந்தப் பஸ்ஸுக்குக் கையைத் தூக்கிட்டுத்தான் தூங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை கேக்கறேன்னு சொல்லிச்சாம்.

நான் வெயில்ல உக்காந்திருந்தா, சிக்னலுக்கு முன்னாடி சாஞ்ச அக்காவை அவங்க எழுப்பியிருப்பாங்க. உன் தங்கச்சி பஸ் வருது பாருன்னு தட்டியிருப்பாங்க. இதுல யோசிக்கறதுக்கு ஒன்னும் இல்ல. நாலு வருஷமா அப்படித்தான் நடந்துச்சு. எல்லாரும் விதிங்கறாங்க. இன்னா விதி. எனக்கு வேர்த்துச்சு, அதனால எங்க அக்கா செத்துப் போச்சு. மாமா, தூக்கத்துலயே போயிட்டா, வலி தெரிஞ்சிருக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்காரு. அது ஒன்னைத்தான் அவரு பிடிச்சிகினு நிக்கறாரு. அவருகிட்ட நான் இன்னும் சொல்லல. பின் தெருக்காரங்களும் சொல்லல. தெருவுல பார்த்தா ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சிக்கிறோம்.

இப்போ நான் ஏ ஷிப்ட்டு. பாப்பா வர்றப்போ வூடு தொறந்திருக்கணும் இல்ல. திரும்பி வர்றப்போ டிரைவர் பக்கம்தான் உக்கார்றேன், நிழலா இருக்கு. சிக்னல்ல எதிர்ல பி ஷிப்ட்டு பஸ்ஸுங்க வரிசையா நிக்கும். வெயிலுக்குப் பயந்து அந்தப் பக்கம் ஸ்க்ரீனை இழுத்து விட்டிருப்பாங்க. ஒரு முகம்கூடத் தெரியாது. அக்கா நாலு நாள் பார்த்தது இதைத்தான். பஸ்ல எல்லாரும் தூங்குவாங்க, எனக்குத் தூக்கம் வர்றதில்ல.

அன்னிக்கு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்லி முடிச்சிடறேன். ஆஸ்பத்திரியில கையெழுத்து அது இதுன்னு, ஒரகடத்துல லோடு ஏத்திகினு இருந்த மாமா வர்ற வரைக்கும் இழுத்துகினு இருந்துச்சு. பாப்பாவைப் பார்த்துக்கச் சொல்லி மாடி வூட்டு ஓனரம்மாவுக்கு போன் பண்ணியிருந்தேன். அவங்ககிட்ட ஒரு சாவி இருக்கும். ஆனா பாப்பா வந்தப்போ அவங்க கடைக்குப் போயிருந்தாங்களாம். கொஞ்ச நேரம் பூட்டு முன்னாடி படியில உக்காந்திருந்தாளாம். அக்காவுக்கு எது நடக்கக் கூடாதுன்னு இருந்துச்சோ, அது அக்கா செத்த அன்னிக்கே நடந்துச்சு.

நான் உள்ள நுழைஞ்சப்போ பாப்பா தரையில உக்காந்து எழுதிகினு இருந்தா. விடிகாலையில அக்கா கட்டின ரிப்பன் கொஞ்சம்கூடக் கலையல. ஓனரம்மா அவகிட்ட ஒன்னும் சொல்லியிருக்கல, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திகினு வெளிய போயிட்டாங்க. பாப்பா எழுந்து வந்து கதவாண்ட எட்டிப் பார்த்தா, அம்மா பின்னாடி வருதான்னு. வரலன்னு தெரிஞ்சதும் என் காதாண்ட வந்து ரகசியம் மாதிரி பேசினா.

"சித்தி, நீ டப்பாவை வச்சிட்டுப் போயிட்ட. நான் துன்னுட்டு கழுவி வச்சிட்டேன். அம்மா கேட்டா நீதான் துன்னேன்னு சொல்லு, இல்லன்னா உன்னைத் திட்டும்."

சரின்னு தலையாட்டினேன். அப்புறம் அவளை மடியில உக்கார வச்சிகினு, அம்மா இனிமே கேக்காது பாப்பான்னு சொன்னேன்.