பிளக்கை மாலையாகப் போட்டுக்கொண்டவள்

நாலு மணி டீயில் மரத்தூள் மிதக்கும். எவ்வளவு மூடி வைத்தாலும் மிதக்கும். ஊதிவிட்டுக் குடிப்போம்... இன்றைக்கும் எங்காவது பலகை அறுக்கும் வாசம் வந்தால் என் நாக்கு அந்த டீயைத்தான் கேட்கிறது.

ஒரகடத்தில் ஒரு சின்ன கம்பெனி. சமையலறை கபோர்டு கதவுகள் செய்வோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கியிருந்த எனக்கு அதுதான் முதல் வேலை. ரவுட்டர் டேபிளில் போட்டார்கள்.

ரவுட்டர் என்றதும் வைஃபை பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள்! இது கையில் பிடித்து ஓட்டும் மெஷின். அடியில் பிட் என்று கூரான கட்டர் ஒன்று சுற்றும். கதவின் ஓரத்தை வளைவாகச் சீவித் தள்ளும். பிட் சுற்றுகிற திசைக்கு எதிராகத் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே திசையில் தள்ளினீர்களோ, கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

ஒரு டேபிளுக்கு இரண்டு பேர். என் ஜோடி கோதை. ஸ்ரீபெரும்புதூர்க்காரி, என் வயசுதான். கோவில் பக்கத்துத் தெருவில் வீடு. பூக்கட்டுவது குடும்ப வேலை. விடியலில் பெருமாளுக்கு மாலை கட்டிக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்கு வருவாள்.

மிச்சத்தில் எனக்கும் ஒரு முழம் மல்லி வரும். ஆனால் மெஷின் பக்கம் பூ, வளையல், தொங்கும் துப்பட்டா எதுவும் ஆகாது. முடி தொப்பிக்குள் இருக்க வேண்டும். கிளவுஸ்கூடக் கூடாது, பிட் அதைக் கவ்வி இழுத்துவிடும். அதனால் பூவை ஜன்னல் கம்பியில் மாட்டி வைப்போம். ஷிஃப்ட் முடியும்போது வாடி, தூசி படிந்து கிடக்கும். உதறி வைத்துக்கொண்டு வேன் ஏறுவோம். அந்த வாடின வாசம்... போங்க, இப்போது புதுப் பூ வாங்கி வைத்தாலும் வருவதில்லை.

கோதை ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மழுங்கிய பிட்டை மாற்ற வேண்டுமென்றால் ஒருத்தி பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிளக் நெஞ்சில் தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவள் ஸ்பேனரைத் தொடலாம். அப்புறம் புது பிட்டை அடிவரை இறக்கி, ஒரு நூல் அளவு மேலே தூக்கி, நட்டை இறுக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்றால் காதிலேயே வாங்க மாட்டாள்.

"இன்னாம்மா, இன்னிக்கும் கல்யாணமா?" என்று பக்கத்து டேபிள் பசங்க ஓட்டுவார்கள். அவள் கழுத்தை இன்னும் நிமிர்த்திக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம். சாயங்காலம் லாரியில் ஏற்றியாக வேண்டிய லோடு. கோதை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் போய்த்தான் ஜெனரேட்டரைப் போட வேண்டும்.

"ஜெனரேட்டர் வர்றதுக்குள்ள பிட்ட மாத்திடும்மா, டைம் இல்ல!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

கரண்ட்தான் இல்லையே, பிளக்காவது மாலையாவது... ரவுட்டரைக் கவிழ்த்து, பிட்டை இடது கை விரல்களால் பிடித்து, நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன மெஷின். ஸ்விட்ச் ஆனிலேயே இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

கோதை வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? கைய எடு!"

"கரண்டுதான் இல்லைல்லா, எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத?"

வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்து டேபிளில் அணைக்காமல் விட்டிருந்த மரம் தேய்க்கும் மெஷின் தானாக அலறி, துள்ளி, தரையில் விழுந்து ஓடியது. எங்கள் ரவுட்டர் அசையவில்லை. என் விரல்கள் இன்னும் பிட்டின் மேல்தான் இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில் வருகிற கோட்டிச் சிரிப்பு. அவள் அழுதாள்.

"ஊர்ல உங்கம்மா கேட்டா நான் இன்னாடி சொல்லுவேன்?"

என் அம்மாவை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. அன்றைக்கு வேனில் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை விடவில்லை. லாரி தாமதமாகத்தான் போனது. ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

இப்போது மறைமலை நகரில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். ரவுட்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் தானாக ஓடுகிறது. கூண்டின் கதவைத் திறந்தால் நின்றுவிடும். கரண்ட் போய் வந்தாலும் நாம் பட்டனை அழுத்தாமல் கிளம்பாது. நல்ல விஷயம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் யாருக்கும் அந்த மத்தியானம் வர வேண்டாம்.

ஆனாலும் ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிறேன்... 'ஏன்டி இப்படிப் பண்ற' என்று அதட்ட ஒரு ஆள் இல்லை. ஏங்கத்தான் செய்கிறது. என்ன செய்ய?

கோதை கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் வரும், நானும் ஒரு கும்பிடு அனுப்புவேன். போன வாரம் என்னமோ தோன்றிக் கூப்பிட்டேன். புது மெஷின் கதையை நான் ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"பத்து வெரலும் பத்திரமா கீதுல்லடி?"

"பத்தும் இருக்குட்டி. நீதான் பக்கத்துல இல்ல."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் கேட்டது.

"அடுப்புல வச்சிக்கீறேன்... அப்பால பேசறேன்" என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.