அப்பாவின் பேச்சைத் தேடிய சனிக்கிழமைகள்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர், "பாரை இண்டைக்கு இல்லை அக்கா, திங்கக்கிழமை வாங்கோ" என்றார். சாதாரணப் பேச்சுதான். ஆனாலும் அங்கேயே நின்றேன். பின்னால் நின்ற பெண் கூடையால் இடித்த பிறகுதான் விலகினேன். இத்தனை வருடங்கள் கழித்தும் அந்தச் சொல்லை யாராவது சத்தமாகச் சொன்னால் அப்பாவின் முகம் வந்துவிடுகிறது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். வேலை முடிந்து அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்தால் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரியும், அவ்வளவு வாய். ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியில் விழுந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை தொங்கியது, பேச்சு போயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல்: "திங்கக்கிழமை." தாகமென்றாலும் திங்கக்கிழமை, வலித்தாலும் திங்கக்கிழமை. தான் சொல்வது பிழை என்று அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சொல்லிவிட்டு இடது கையால் தன் வாயிலேயே அடிப்பார்.

"ஆறு மாசத்துக்குள்ள வந்தா வரும். இல்லாட்டிக் கஷ்டம்" என்றார் டொக்டர். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தோம். எங்கள் முறை வருவதற்குள் அந்த ஆறு மாதமும் போய்விடும் போலிருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஆங்கிலம் பிழையில்லாமல் அடிப்பேன். அடித்தது என்னவென்று கேட்டால் தெரியாது. விரல்கள் பத்தும் படித்தவை, நான் படிக்காதவள். அந்த ஆங்கிலத்தை நம்பித்தான் அப்பாவுக்காக நானே மருத்துவம் படிக்கக் கிளம்பினேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் பஸ் ஏறி நூலகத்துக்குப் போவேன். மருத்துவப் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே இருந்து கொப்பியில் எழுத வேண்டும். பழைய கடதாசியும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாசத்தில் முதல் நாள் அரைப் பக்கம் நகர்ந்தேன். வரிக்கு ஏழு தரம் அகராதி. 'அபேசியா' என்ற சொல்லிடம் போய்ச் சேர மூன்று வாரம் பிடித்தது. அதற்கு என்ன பொருள் என்று பார்த்தால், பேச்சிழப்பு! அதைத்தானே வீட்டில் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறோம்? சிரிப்பு வந்தது. பிறகு மேசையில் தலையை வைத்து அழுதேன்.

எழுதியதை மற்ற நாட்களில் பஸ்ஸிலும், மதியம் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டும் படிப்பேன். பருப்புக் கறி தெறித்து, கொப்பியில் வரைந்திருந்த மூளையின் இடப்பக்கம் மஞ்சளாகிப் போனது. நம்பமாட்டீர்கள், ஒரு மனுவில் 'வழக்காளி' வர வேண்டிய இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'நோயாளி' என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்டில எப்படியம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நாலாம் மாதம் படம் ஒட்டிய அட்டைகளோடு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"கோப்பை. சொல்லுங்க அப்பா, கோப்பை."

"திங்கக்கிழமை."

"இல்லை! பாத்துச் சரியாச் சொல்லுங்க!"

கத்திவிட்டேன். அப்பா மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா, "அவர் என்ன ஸ்கூல் பிள்ளையா? அந்தக் கொப்பிய மூடு" என்றாள். எப்படி மூடுவது? நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொப்பியை மூடினால் அப்பாவை உயிரோடு புதைத்த மாதிரி இருக்கும் என்று பட்டது.

ஐந்தாம் மாதம் ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அது கிடைத்தது. பேச முடியாதவர்கள் சிலர் பாடுவார்களாம். அன்று பின்னேரம் ஜெபமாலை முடிந்ததும் மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். இரண்டாம் அடியில் அப்பா சேர்ந்துகொண்டார். கோயிலில் பின்வரிசையிலிருந்து கேட்கும் அதே சுருதி சேராத குரல், ஆனால் சொல்லெல்லாம் முழுசு முழுசாக. அம்மா ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டாள்.

பிறகு அந்த மெட்டிலேயே 'தண்ணி வேணும்', 'கால் நோகுது' என்று பழக்கினேன். வாரக்கணக்கில் பாடிப் பாடி ஒவ்வொன்றாக வந்தது.

"மாதா பாட்டில கக்கூசுக்குப் போகணும் எண்டு பாடுறது பாவமில்லையா?" என்றாள் அம்மா.

"மாதாவுக்கும் ஒரு அப்பா இருந்தவர்தானே" என்றேன்.

அந்த ஒரு மெட்டில் எட்டு மாதம் பிழைத்தோம்.

பிறகு பாரிசவாதம் இரண்டாம் தரமும் வந்தது. வார்டில் டொக்டர் அப்பாவின் கட்டிலருகில் நின்று மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். எனக்கு ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. இந்த முறை மூளையின் வலப்பக்கமும் போய்விட்டது, விழுங்க மாட்டார், இனிச் சில நாட்கள்தான். அகராதி இல்லாமல் நான் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் ஆங்கிலப் பேச்சு அது.

"என்னவாம்? உனக்குத்தானே விளங்கும்" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நாளைக்குச் சொல்லுவாங்களாம்."

நாலாம் நாள் அப்பா போய்விட்டார்.

நூலகப் பக்கம் அதன்பிறகு நான் போகவில்லை. கொப்பிகள் எந்தப் பழைய பேப்பர்காரரோடு போயினவோ. ஒழுங்கையை இடித்து மாடிகள் கட்டிவிட்டார்கள். பாடமாக்கிய நரம்புகளில் ஒன்றின் பெயர்கூட இப்போது வாயில் வராது. அதற்கெல்லாம் கவலையில்லை, வேறொன்றுக்குத்தான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கசெட் ரெக்கோடர் இருந்தது. டொக்டரிடம் சரியாகக் கேட்க வேண்டுமே என்று, படித்த ஆங்கிலச் சொற்களை அதில் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுப் பழகுவேன். முன்னறையில் அப்பா பாடிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் நாடாவில் விழக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுத்தான் பதிவேன்.