யூரியா சாக்கு அலசிய கரை

அபிராமபுரத்தில் நான் வேலை செய்யும் வீட்டு மொட்டை மாடியில், ரோஜாத் தொட்டிகளுக்குப் போடச் சொல்லி வீட்டுக்காரம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும், ஈரம் பட்ட யூரியாவின் வாடை மூக்கைக் குத்தி என்னை அடையாற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே எங்கள் குடிசைக்குப் பின்னால், தண்ணீர் வரைக்கும் சரிந்து இறங்கும் நைனாவின் கீரைப் பாத்திகள். கீரை தளதளவென்று வரவேண்டுமென்று அவர் அந்த வெள்ளைக் குருணையைக் கை நிறைய அள்ளி வீசுவார், மழை வந்து பாதியை ஆற்றுக்குள் கரைத்துக்கொண்டு போகும், அவர் மறுபடியும் வீசுவார், காலிச் சாக்கை ஆற்றில் அலசிக் கூரைமேல் காயப்போடுவது என் வேலை. மூலையில் ஒட்டிய குருணை கரையும்போது விரல்கள் ஜில்லென்று ஆகும். அந்தச் சுகத்துக்காகவே மெதுவாக அலசுவேன்.

கோடையில் ஆறு பாசியேறிக் கீரையைவிடப் பச்சையாகிவிடும். அதை அழகு என்றுதான் நினைத்தோம். ஒரு விடியற்காலை கெண்டைகளெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வலைகூட வேண்டியிருக்கவில்லை, குடிசைக்காரர்கள் எல்லோரும் இறங்கி அன்னக்கூடையால் அள்ளினோம்.

"இன்னா நைனா, மீனு ஓடாம நின்னுக்கினு கீது?"

"ஆறே குடுக்குது. நீ அள்ளு."

அதற்குப் பிறகு அங்கே மீன் இல்லை. கொஞ்ச வருஷத்தில் கரையைக் காலி செய்யச் சொல்லி எங்களையும் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். உரம் தின்று பெருத்த பாசி அழுகினால் தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துபோகும் என்று என் மகள் பள்ளிப் பாடத்தை உரக்கப் படித்தபோது, அதைக் கேட்க நைனா இல்லை.

மீன் அள்ளிய அன்று என் உள்ளங்கையில் ஒரு கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடியது. அது ஏதோ பேசுகிறது என்று நான் சிரித்தேன்.