மூன்றாவது தட்டு

ஞானமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் ஆற்றுப்பாலத்தின் நடுவில், பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி பழுதாகி வழியை மறித்திருந்தது. “சார், அவிய போயிட்டாவ” என்றார் போனில் அவர் மனைவி ரூபி. இறங்கி நடந்துவிடலாம் என்றால் கதவுப் பக்கம் நகரக்கூட இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரின் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் தன் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் நுண்ணுயிரியல் வாத்தியார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே ஆய்வு மேசை. எங்களிடம் படித்த உங்களில் பலருக்கு அவருடைய சத்தமும் சிரிப்பும் தெரிந்திருக்கும். அந்தச் சேற்றுக் கதை தெரியுமா? தச்சநல்லூரில் தன் வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில், வேலைக்குக் கிளம்பிய பேண்டோடு இறங்கி, சாப்பாட்டு டப்பாவில் சேற்றை அள்ளி வந்தார். டப்பாவைத் திரும்ப அடுக்களைக்குள் விடவே மாட்டேன் என்று ரூபி சொல்லிவிட்டார். அந்தச் சேற்றில் இருந்த ஒரு பாக்டீரியாதான் பிறகு எங்கள் பிழைப்பாகவே ஆனது.

அது சுரக்கும் பொருளுக்கு ஒரு குணம் இருந்தது. நோய்க் கிருமிகள் ஓரிடத்தில் கூடி, தங்கள் மேல் பசைபோல ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உள்ளே மருந்து எளிதில் போகாது. “தனியா அலையுத கிருமிய மருந்து பாத்துக்கிடும் வே. வீடு கட்டிட்டுன்னாதான் பாடு” என்பார். வாய்க்கால் பாக்டீரியாவின் சுரப்பு அந்த வீட்டைப் பிரித்துப் போட்டது. சிறு சிறு குழிகள் உள்ள தட்டில் கிருமியை வளர்த்து, சுரப்பை விட்டு, கழுவி, ஊதாச் சாயம் விடுவோம். படலம் இருந்தால் குழியில் ஊதா ஒட்டும். இல்லையென்றால் வெளுத்துவிடும். மூன்று தட்டு ஒன்றுபோல வராமல் எதையும் நம்பமாட்டார். இரண்டாவது தட்டிலேயே நான் துள்ளினால், “பைய வே, பைய” என்று அடக்குவார்.

தன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, அதில் அந்தச் சுரப்பைக் கலந்து பார்த்தவரும் அவர்தான். சிவப்பணுக்கள் உடைந்துபோயின. நோட்டில் கொட்டை எழுத்தில் ‘இது மருந்தல்ல’ என்று எழுதிவிட்டு, அன்று சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

பிறகுதான் அவருக்கு மூட்டு மாற்றினார்கள். புது மூட்டில் கிருமி ஏறிப் படலம் கட்டியது. ஆயுள் முழுக்க எதைப் பற்றிப் பாடம் எடுத்தாரோ, அது அவர் முழங்காலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி மருந்து கேட்கவில்லை. மூட்டைக் கழற்றி எடுக்கலாம், ஆனால் இன்னொரு அறுவையை இதயம் தாங்காது என்றார்கள். கட்டிலைவிட்டு அவரால் இறங்க முடியவில்லை. தன் கிருமியை ஆஸ்பத்திரியில் முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கி எனக்கு அனுப்பினார். நம்ம சுரப்பு இதைப் பிரிக்குதா என்று பார்க்கச் சொன்னார்.

இரண்டு தட்டு போட்டேன். இரண்டும் வெளுத்தன; படலம் பிரிந்திருந்தது.

போய்ப் பார்த்தபோது, “சரியா வரல வே” என்றேன்.

“போட்டோ காட்டும்.”

“போன் கொண்டுவரல.”

சட்டைப்பையில் போன் அடித்தது. பேட்டையிலிருந்து மைத்துனன். அவனுக்கு வேறு நேரமே வாய்க்கவில்லை. ஞானமுத்து இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் கொண்டாரும் வே” என்றார். சாதாரணமாக, சீனி கேட்பதுபோலக் கேட்டார்.

“ரத்தத்த ஒடைக்கும். எழுதினது நீரு.”

“கால்ல கொழா போட்டிருக்காவ. அது வழியா விட்டா மூட்டோட நின்னுக்கிடும்.”

“நிக்காது. ஒமக்கே தெரியும்.”

“தெரியும். இப்பிடியே கெடந்து அழுகுததுக்கு அது பரவால்ல. ஒம்ம மேல ஒரு சொல் வராது, நான் எழுதித் தாரேன்.”

மாட்டேன் என்றேன். எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் மேல் அல்ல. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடைபெறும்போதும் திரும்பவில்லை.

நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் ரூபி போன் செய்தார். “மூணாவது தட்டயும் போடணுமாம், சார். கிருமிய எறிஞ்சிராதீயன்னும் சொல்லச் சொன்னாவ.” அன்றே போட்டேன். தட்டு வளர்வதற்குள், மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து தட்டைக் கழுவிச் சாயம் விட்டேன். அதுவும் வெளுத்தது. மூன்றும் ஒன்றுபோல வந்தன. “இப்ப நம்பலாம் வே” என்று அவருடைய வெறும் நாற்காலியிடம் சொன்னேன்.

உறைபெட்டியில் அந்தக் கிருமி சிறு குப்பியில் இருக்கிறது. நோயாளியின் பெயரை எழுதக் கூடாது என்பதால் எண் மட்டும்தான். அவர் உடம்பிலிருந்து வந்ததில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றே. அவரைக் கொன்றதும் அதுவே. ரத்தத்தை விட்டுவிட்டுப் படலத்தை மட்டும் பிரிக்கும்படி அந்தச் சுரப்பை மாற்ற முடியுமா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை. இன்று அவர் கட்டிலிலிருந்து மறுபடி கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அவரும் சுவர்ப்பக்கம்தான் திரும்புவார்.