சகனுக்கு ஆறு பேர்

அன்று பகல் சோற்றை மூடியபடியே வைத்திருந்தேனே, அதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லட்டும். திமிர்தான்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. கற்பிட்டியில், களப்பை ஒட்டிய எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவருக்கு ஓர் உப்பளம் இருந்தது. நிலம் எங்களுடையது, ஆனால் அதில் விளைந்த உப்பை எங்கள் இஷ்டத்துக்கு வார முடியாது. அரசாங்கக் கந்தோரிலிருந்து துரை கையெழுத்துப் போட்ட கடதாசி வந்தால்தான் ஒரு கூடையாவது அள்ளலாம். பெருநாள் பிறைக்குக் காத்திருப்பது போல வருடா வருடம் அந்தக் கடதாசிக்குக் காத்திருப்போம். அந்த வருடம் பாத்திகள் வெள்ளையாகப் பூத்துவிட்டன. கடதாசியைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துரையின் கிளாக்கர் வீட்டுக்கு வந்தார். துரையிடம் சீமையிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருக்கிறாராம். கப்பலில் வரும் வழியில் மத்தியதரைக் கடலில் ஏதோ ஒரு தீவில் இறங்கிச் சில நாள் தங்கினாராம். அங்கே பழைய கோட்டைகளையும் கோயில்களையும் பார்த்து, ஊர்க்காரர்களின் வீடுகளுக்குள்ளேயே போய் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்களுடைய தோட்டத்துத் திராட்சையில் வடித்த வைனைக் குடித்துத் திரிந்தாராம். அதே மாதிரி இங்கேயும் ஒரு நாள் வேண்டுமாம். காலையில் ஒல்லாந்தர் கோட்டை, பகல் எங்கள் வீட்டுச் சாப்பாடு, பின்னேரம் தலவில கோயில்.

"இது தீவு இல்லையே" என்றார் என் கணவர்.

"மூண்டு பக்கமும் தண்ணிதானே. அது காணும்" என்றார் கிளாக்கர். போகும்போது, கடதாசி துரையின் மேசையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொன்னாரா, சொல்லி அனுப்பப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது.

வரப்போகிறவர்கள் நாலு பேர்: துரை, விருந்தாளி, ஒரு தோட்டத்துத் துரை, கிளாக்கர். என் கணவர் உள்ளே வந்து, "ஆறு பேருக்கு ஒரு சகன் வை, புள்ள" என்றார். அந்த நாலு பேரோடு வீட்டுக்காரரான இவரையும், வள்ளம் ஓட்டி வருகிறவரையும் சேர்த்தால் ஆறு. கந்தோர்க்காரருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

சகன் என்பது பெரிய வட்டத் தட்டு. ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். ஆறு பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூடியை எடுப்போம். ஒருவர் கை கழுவப் போயிருந்தாலும் மற்ற ஐந்து பேரும் காத்திருப்பார்கள். என் கல்யாணத்தன்றுகூட, குதிரைக்கு வைக்கோல் போடப் போன வண்டிக்காரருக்காக மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் காத்திருந்தார்கள்.

வள்ளக்காரர் கத்தோலிக்கர், மீன்பிடிக்கிறவர். நான் மூத்த பிள்ளைக்கு வலி எடுத்துக் கிடந்த நாளில், காற்று எதிராக அடித்தும் களப்பைக் கடந்து மருத்துவிச்சியைக் கூட்டிவந்தவர் அவர். என் கணவரை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவருக்கும் சேர்த்துத்தான் அன்று நெய்ச்சோறு வடித்தேன். கோழி பொரித்தேன், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன், மாசிச் சம்பல் இடித்தேன். இனிப்புக்கு வட்டிலப்பமும் அவித்திருந்தேன்.

வந்தவர்கள் வள்ளத்திலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். அந்தத் தீவிலிருந்தே விருந்தாளி கொண்டுவந்த வைன் போத்தல்கள். என் கணவர் வாசலில் நின்று, "ஐயா, இது எங்கட வீட்டுக்குள்ள வரப்படாது" என்றார். கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதுவரைக்கும் நல்ல மனுசன்தான்.

ஆனால் வைன் சூடாகக் கூடாதாம். போத்தல்களை மீன் பிடிக்கிற கூடையான பறி ஒன்றுக்குள் வைத்துக் களப்புத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். பறி நகராமலும் ஊரார் கை வைக்காமலும் பார்த்துக்கொள்ள வள்ளக்காரரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார் துரை. அடுப்படியில் நின்று குசினி யன்னலால் பார்த்தேன். உச்சி வெயிலில், இடுப்பளவு தண்ணீரில், பறியின் கயிற்றைப் பிடித்தபடி அந்த மனிதர் நின்றார். உள்ளே நாலு பேர் கை கழுவி வந்து உட்கார்ந்தார்கள்.

சகனை எடுக்க என் கணவர் குசினிக்கு வந்தார். நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஆறாவது ஆள் எங்க?"

"அவர துரை அங்க நிக்கச் சொல்லியிருக்காரு."

"அப்ப அவரு வரட்டும். பொறகு எடுத்துட்டுப் போங்க."

"புள்ள, கடதாசி அவருட மேசையில கெடக்கு. விளங்குதா ஒனக்கு?"

"விளங்குது. சோறு ஆறு பேருக்கு ஆக்கினது."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கும் பயம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அந்த உப்பை நம்பி நாங்கள் மட்டுமா இருந்தோம், பாத்தியில் வேலை செய்கிற குடும்பங்களும் இருந்தன. ஆனால் யன்னலுக்கு வெளியே வள்ளக்காரர் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறக்க என் கைக்கு மனம் வரவில்லை.

கிளாக்கர் குசினி வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "தங்கச்சி, துரைக்குப் பசி. வள்ளக்காரனுக்கு ஒரு கோப்பையில சோறு போட்டு அங்கயே அனுப்பி விடலாமாம்."

முற்றம் வரை கேட்கும்படி நான் சொன்னேன்: "எங்கட வீட்டில நோயாளிக்கும் பிள்ளை பெத்தவளுக்கும்தான் சோறு அனுப்புவம். அவருக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான் இரிக்கி. நடந்து வரட்டும்."

கிளாக்கர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. துரையின் குரல் தடித்தது. அவர் உட்கார்ந்திருந்த கதிரை சரிந்து விழுந்தது. என் கணவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வெளியே போனார். துரையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் துரையைத் தாண்டிப் போனார், முற்றத்தைத் தாண்டினார், பெருநாளுக்கு மட்டும் போடுகிற கோட்டோடும் பட்டுச் சாரத்தோடும் களப்புக்குள் இறங்கினார். பறியைத் தொடவில்லை. வள்ளக்காரருக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. அவர் பயந்த மனிதர். கந்தோர்ப் படியேறுவதற்கே இரண்டு தரம் வியர்வை துடைப்பார்.

துரையும் கரைக்குப் போனார். வள்ளத்தை எடுக்கச் சொல்லிக் கத்தினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வள்ளக்காரர் பறியைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார், அவர்கள் ஏறும்வரை வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கயிற்றை முளையில் கட்டிவிட்டு, கிளாக்கரிடம் நிதானமாகச் சொன்னார்.

"தொரையிட்ட சொல்லுங்க. நானா எனக்காகத் தண்ணியில எறங்கினவர். அவர் வீட்டில சாப்பிட்டிட்டுத்தான் நான் வள்ளத்த எடுப்பன்."

வந்தவர்களில் வேறு யாருக்கும் அந்த வள்ளத்தை ஓட்டத் தெரியாது. பாத்தியில் வேலையாக இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு என் கணவர் சகனைச் சுற்றி உட்காரவைத்தார். ஆறு பேர் ஆனார்கள். நான் மூடியை எடுத்தேன். யாரும் அவசரப்படவில்லை. வட்டிலப்பத்தையும் மிச்சம் வைக்காமல் முடித்தார்கள். வள்ளத்தில் நாலு பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தீவின் வைன் அவர்கள் காலடியில் இருந்தது. குடித்தார்களோ என்னவோ, நான் பார்க்கப் போகவில்லை.

கடதாசி வரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கிளாக்கர் மட்டும் வந்தார். வள்ளக்காரன் குழப்படி செய்தான் என்று எழுதி ஒரு கையெழுத்து வைத்தால் துரை மனம் மாறலாம் என்றார். என் கணவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. வள்ளக்காரருக்குக் கந்தோர்ச் சவாரி நின்றுபோனது. எங்கள் பாத்திக்குக் காவல்காரன் ஒருவனைப் போட்டார்கள். மழை வரும்வரை அந்த உப்பு வெள்ளையாக அங்கேயே கிடந்தது. பிறகு மூன்று நாள் மழையில் கரைந்து போனது. குசினி யன்னலில் நின்று அதையும் பார்த்தேன். நெஞ்சு எரிந்தது. திரும்பி வந்து அடுப்பை ஊதினேன்.

அந்த வருடம் உப்பளக்காரர் வீட்டுக்காரியான நான் கடைக்கு ஆள் அனுப்பி உப்பு வாங்கினேன். கடைக்காரர் சிரித்தாராம். அந்த உப்பைப் போட்டுத்தான் பெருநாள் சோறு ஆக்கினேன். ஆறு பேருக்கு ஆக்கினேன். ஆறாவது ஆள் மீனோடு வந்து கை கழுவி உட்கார்ந்த பிறகு மூடியை எடுத்தேன்.