கப்பல் லிஸ்ட் வராத மூன்று வாரம்

“அதோட வுட்டானா எம் புள்ள? சோறு துன்றப்பவும் சாப்ட்வேரு, குளிச்சிட்டு வந்தாலும் சாப்ட்வேரு. பேஜாரா பூடுச்சுக்கா!”

நான் இப்படி ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. கதை சொல்ல ஆள் கிடைத்தால் விடுவேனா?

ராயபுரத்தில் எங்கள் கடை, கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, முட்டை போடுகிற கடை. கப்பல் ஏஜென்ட் மெயிலில் லிஸ்ட் அனுப்புவார், என் மகன் சரக்கு ஏற்றுவான். கடை பேரிலேயே மெயில் வேண்டும், சும்மா கிடைக்கிற மெயில் எங்கள் ஆபீஸில் செல்லாது என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார். பிடித்தது சனி.

மகன் இலவசமாக, மெயிலை வாங்கி வைக்கிற ஒரு மெயில் சர்வர் சாப்ட்வேரை இறக்கி, கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டான். கரண்ட் வந்தால் அதுவே எழுந்து வேலை செய்யுமாம். நான் அதற்குக் குங்குமம் வைத்தேன்.

முதல் லிஸ்ட் எங்கள் கைக்கு வந்தபோது கப்பலே போய்விட்டது. அடுத்த வாரமும் அதே கதை. ஏஜென்ட் கடைக்கே வந்துவிட்டார்.

“இன்னா நைனா, ராத்திரி அனுப்புனா காலைல பத்து மணிக்கு வந்துச்சுன்றே. இன்னொரு தபா இப்டி ஆச்சு, எண்ணூர்ல வேற ஆளாண்ட குடுத்துருவேன்.”

அவரை விட்டால் எங்களுக்குக் கப்பலே கிடையாது. மகன் சாப்ட்வேரைத் திட்டிவிட்டு வேறொன்றைப் போட்டான். அதற்கும் பத்து மணிதான். மூன்றாவதைத் தேடி அவனும் மருமகளும் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள்.

“இது ஃப்ரீ. ஆனா எல்லாத்தையும் நம்மளே தட்டணும்” என்பான் அவன்.

“தட்டினது போதும். மெயில வாடகைக்கு வுடறவங்க கீறாங்கோ, அவங்க கம்ப்யூட்டர்லயே ஓடும்” என்பாள் அவள்.

“நம்ம மெயிலு எவன் வூட்லயோ கெடக்கணுமா?”

எனக்குக் காது புளித்துவிட்டது. அன்றைக்கும் வழக்கம்போல மாலையில் கற்பூரம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கிக் கும்பிட்டேன். பூட்டைத் தேடும்போது பின்னால் மருமகள் அலறினாள்.

“அத்தே! கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சு!”

மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். “எம்மா, தெனம் நீதானா அது? காலைல பத்து மணிக்கு நீ கடைய தொறந்து மெயின போட்டாதான் அதுக்கு உசுரா?”

“கடைய மூடினா மெயினை இறக்காம? பக்கத்து கொடோன் பத்திகினு எரிஞ்சத நான் கண்ணால பாத்தவ. சாப்ட்வேருக்கோசரம் கடைய கொளுத்திக்கச் சொல்றியா?”

“மூணு வாரமா சாப்ட்வேர மாத்திகினு கீறேன்மா!”

“மாத்து, யாரு வேணான்னா? நான் இறக்கினாலும் சாவாத சாப்ட்வேரு எதுன்னு பாரு.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் உட்கார்ந்து, அவள் சொன்ன வாடகை மெயிலையே எடுத்தான்.

நேற்றும் மெயினை நான்தான் இறக்கினேன். இன்று விடியும் முன்னே மகனின் செல்போனில் லிஸ்ட் வந்து நின்றது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கப்பல்.

“எம்மா, கதையடிச்சது போதும்! வெங்காயம் மூணு மூட்டை, அழுவுனத பொறுக்கணும். வண்டி வந்துடுச்சு!”

“தோ வந்துட்டேன்டா. யக்கா, குடத்தத் தூக்கு, நான் போறேன்.”