புனலில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டில் அக்காவுக்கு மாவு டாக்டர் என்று பெயர். வைத்தவர் அப்பா. அத்தனை வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய மகள், காலையில் போய் எதையோ சலித்துவிட்டு மாலையில் தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பினால் வேறு என்ன பெயர் வைப்பது? அது மாவு இல்லை, மருந்துப் பொடி என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு அதற்கும் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள்.

அவள் வேலை எனக்குப் புரிந்தவரை இதுதான். மாத்திரைக்கான பொடி ஓர் எஃகுப் புனல் வழியாக மெஷினுக்குள் விழ வேண்டும். நைசான பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புனலின் வாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஒரு மாத்திரையில் மருந்து குறையும், இன்னொன்றில் கூடும். அடைக்காமல் விழவைக்க வழி தேடுவதுதான் ஆராய்ச்சி. சலிக்க வேண்டும், எடை போட வேண்டும், கலந்து புனலில் கொட்ட வேண்டும், விழ எத்தனை வினாடி என்று எழுத வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கேட்கிற எனக்கே கொட்டாவி வரும். அவள் மூக்கில் முகமூடிக் கம்பி பதிந்த தடம் ஞாயிற்றுக்கிழமைகூட மறையாது.

மூன்று வருட ஒப்பந்தத்தின் கடைசி மாதம் வந்தது. கையில் ஒரு நல்ல முடிவு இருந்தது. பொடிகளைக் கலக்கும் வரிசையை மாற்றினால் புனல் அடைக்கவில்லை. நூற்று இருபத்தாறு தடவை கொட்டினாள், அத்தனை தடவையும் விழுந்தது. கட்டுரை வெளியானால் வேலை இன்னும் மூன்று வருடம் நீளும். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். முப்பத்துமூன்று வயதில் மறுபடி வேலை தேடி அலைய அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

கட்டுரையோடு வீடியோவும் வேண்டும் என்றார் அவளுடைய பேராசிரியர். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் ஆய்வகத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். தலைக்கு வலை, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு எடுத்தேன். மூன்று தடவை கொட்டினாள். மூன்று தடவையும் பொடி சரசரவென்று விழுந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என் வாய்தான் சும்மா இருக்காதே. எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா வந்திருக்குக்கா. அந்தக் கை தட்டுறது மட்டும் உறுத்துது, வெட்டிடவா?" என்றேன்.

"எந்தக் கை?"

காட்டினேன். புனலின் அடிமூடியைத் திறக்கும் முன் அவள் இடது கை போய்ப் பக்கவாட்டில் மெதுவாக இரண்டு தட்டு தட்டியது. மூன்று தடவையும். வீட்டில் பால்பவுடர் டப்பாவைத் தட்டுவாளே, அதே தட்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிற எங்களுக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

புதிதாகக் கலந்து கொட்டினாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, என்னைத் திறக்கச் சொன்னாள். ஒரு கைப்பிடி விழுந்து நின்றுவிட்டது. அடுத்த இரண்டு நாளில் ஐந்து தடவை அப்படிச் செய்தாள். ஐந்து தடவையும் அடைத்துக்கொண்டது. பேசாமல் வெட்டித் தொலைத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. "ரெண்டு தட்டுதானேம்மா. பொடி வேலை பாக்குறவங்க யாரு தட்டாம இருக்காங்க? அதையெல்லாம் யாரும் எழுதுறதில்ல," என்றாராம். கட்டுரையை அப்படியே அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

நான் அவர் கட்சி. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவளோடு மல்லுக்கு நின்றேன். அவள் அப்பாவின் பிரஷர் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில இருக்குற புனல்கிட்ட என் கை இருக்காதுடி," என்றாள். "இதுல மருந்து சரியா இருக்குன்னு நம்பித்தானே இவர் முழுங்குறாரு?"

அப்பா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை அவள் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் புனல் கையால் இரண்டு தடவை தட்டப்பட்டது, தட்டாதபோது பொடி விழவில்லை. அந்த வரியோடு அனுப்பிப் பயனில்லை என்று பேராசிரியர் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டார். வேலை நீளவில்லை. மாதக் கடைசியில் ஆய்வகத்தில் இருந்த தன் சாமான்களை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தவள், மறுநாள் மதியம்வரை தூங்கினாள்.

எழுந்ததும் டீ போடப் போனாள். மூடியில் ஓட்டை உள்ள பால்பவுடர் டப்பாவை எடுத்தாள். இடது கை தானாக மேலே போனது, பாதியில் நின்றது. தட்டாமலே கப்பின் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். ஒன்றும் விழவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். குலுக்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். டப்பாவின் பக்கவாட்டில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். பவுடர் பொலபொலவென்று கப்பில் விழுந்தது.

"நான்தான் தட்டினேன்னு எழுதிக்கோ, டாக்டர்," என்றார்.

முன்னால் மாவு என்று சேர்க்காமல் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.